யாரோடு யார் பேசலாம்

என் தம்பி வேலை பார்த்த கப்பலை ஆயுதக்காரர்கள் பிடித்துவிட்ட செய்தி முதலில் அவன் மனைவிக்குத்தான் வந்தது. அவள் புதியம்புத்தூரில் ரெடிமேட் துணி தைக்கும் யூனிட்டில் பட்டன் துளை போடும் காஜா மெஷினில் இருந்தாள். மெஷின் சத்தத்தில் வாட்ஸப்பில் வந்த குரல் சரியாகக் கேட்கவில்லை. வெளியே வந்து, நிழலில் நின்று, மறுபடி ஒரு தடவை கேட்டுவிட்டு எனக்கு அனுப்பினாள். நான் கோவில்பட்டியில் கல்லூரி ஆசிரியர் அறையில் டிபன் பாக்ஸைத் திறந்து வைத்திருந்தேன்.

"ஏட்டி, கப்பல்ல ஆளுங்க ஏறிட்டாங்க. எல்லார்ட்டயும் போனப் புடுங்குதாங்க. நான் நல்லாத்தான் இருக்கேன். அக்காட்ட சொல்லு. அய்யாட்ட இப்போ சொல்லாத."

பின்னால் யாரோ கத்தினார்கள். இரும்பில் இரும்பு இடிக்கும் சத்தம். அத்தோடு முடிந்துவிட்டது.

அக்காவிடம் சொல் என்று அவன் சொன்னதற்குக் காரணம் இருந்தது. நான் அரசியல் அறிவியல் நடத்துகிறவள். சர்வதேச உறவுகள் பாடம் பல வருடங்களாக என் கையில்தான். எங்களுடையது பசுவந்தனைப் பக்கம் ஆடு மேய்த்த குடும்பம். அய்யா இன்னும் கொஞ்சம் ஆடு வைத்திருக்கிறார், மழையை நம்பி உளுந்தும் மக்காச்சோளமும் போடுகிறார். அம்மா போய்ச் சேர்ந்து நாளாகிவிட்டது. டிவியில் எங்காவது குண்டு விழுவதைக் காட்டினால் அந்த வீட்டிலிருந்து எனக்குப் போன் வரும். "இவன் யாரு, அவன் யாரு, எதுக்கு அடிச்சுக்கிடுதானுவ?" என்று அய்யா கேட்பார். நான் விளக்குவேன். எங்கள் குடும்பத்துக்கு உலக அரசியல் என்றால் நான்.

எந்தக் கடல், எந்த நாடு என்று இங்கே எழுதப்போவதில்லை. எழுதாதே என்று தம்பி கேட்டுக்கொண்டிருக்கிறான். பிடித்தவர்கள் ஒரு நாட்டின் பாதியைக் கையில் வைத்திருந்த ஆயுதக் குழு என்பது மட்டும் போதும். அவர்களுக்கு மந்திரிகள் உண்டு, நீதிமன்றம் உண்டு, தெருவில் டிராபிக் போலீஸ்கூட உண்டு. ஆனால் அவர்களை அரசாங்கம் என்று எந்த நாடும் ஒப்புக்கொள்ளவில்லை. கப்பல் முதலாளிக்கு ஒரு கூட்டாளி இருந்தான், அந்தக் கூட்டாளி அவர்களுடைய எதிரி நாட்டுக்காரன். பிடித்ததற்குக் காரணம் அதுதான். என் தம்பி அந்தக் கப்பலின் எஞ்சின் ரூமில் எண்ணெய் போட்டுப் பராமரிக்கும் ஆயிலர். முதலாளியின் முகத்தைக்கூட அவன் பார்த்ததில்லை.

அய்யாவிடம் மறைக்க முடியவில்லை. மறுநாள் சாயங்காலம் நானும் தம்பி மனைவியும் ஊருக்குப் போனோம். அய்யா ஆடுகளைப் பட்டியில் அடைத்துக்கொண்டிருந்தார். சொன்னேன். அவர் படலைச் சாத்திவிட்டுத் திரும்பினார்.

"கப்பல் எந்த ஊர்க்காரனது?"

"கொடி ஒரு தீவு நாட்டோடது அய்யா. முதலாளி வேற நாடு. ஆள் வச்சு ஓட்டுற கம்பெனி இன்னொரு நாடு."

"சரக்கு?"

"அது இன்னொருத்தனுக்கு."

"புடிச்சவன்?"

"அவனுக்கு நாடு இருக்கு. ஆனா யாரும் ஒத்துக்கிடல."

அய்யா பட்டிக்குள் நின்ற ஆடுகளைப் பார்த்தார். பிறகு சொன்னார்: "நம்ம ஆடு அடுத்தவன் பிஞ்சையில மேஞ்சா அவன் புடிச்சுக் கெட்டிப்போடுவான். நான் போயி அவன் கால்ல விழுந்தாவது அவுத்துட்டு வந்துருவேன். இவன் எதத் தாயி மேஞ்சான்? நான் எவன் கால்ல விழணும்?"

தம்பி மனைவி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பஸ்ஸில் திரும்பும்போது கேட்டாள், "மதினி, நீங்க இதத்தான பாடமா நடத்துதீங்க. யார்ட்ட பேசணும்னு மட்டும் சொல்லுங்க. நான் போயிப் பேசுதேன்."

அடுத்து வந்த மாதங்களில் நாங்கள் இரண்டு பேரும் ஏறி இறங்காத இடமில்லை. தூத்துக்குடியில் தம்பியைக் கப்பலுக்கு அனுப்பிய ஏஜெண்ட் ஆபீசில் ஒரு பையன் எங்களுக்கு ஜூஸ் வாங்கிக் கொடுத்து, "கம்பெனி பேசிக்கிட்டு இருக்கு மேடம்" என்றான். கம்பெனிக்குப் போன் செய்தால் முதலாளி பேசிக்கொண்டிருக்கிறார் என்றார்கள். முதலாளியின் வக்கீல், இது கொடி நாட்டின் பொறுப்பு என்று பதில் அனுப்பினார். கொடி நாட்டுக்கு நான் எழுதினேன். அந்த நாட்டில் மொத்தமே எங்கள் தாலுகா அளவுக்குத்தான் ஜனம் இருக்கும். அவர்கள் வருத்தம் தெரிவித்தார்கள். கலெக்டர் ஆபீசில் திங்கட்கிழமை வரிசையில் நின்று மனுக் கொடுத்தோம். எங்களுக்கு முன்னால் நின்ற பெரியவர் பட்டா மாறுதலுக்கும், பின்னால் நின்ற அம்மா குடிதண்ணீருக்கும் வந்திருந்தார்கள். "உங்களுக்கு என்ன?" என்று அந்த அம்மா கேட்டார். தம்பி மனைவி சொன்னாள். அந்த அம்மா வாயைப் பொத்திக்கொண்டு, "இதுக்கும் இங்கனதான் மனுக் குடுக்கணுமா?" என்றார்.

யாரும் எங்களைத் திட்டவில்லை, விரட்டவில்லை. எல்லோரும் நல்லபடியாகவே பேசினார்கள். அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது. ஒருவராவது அநியாயமாக நடந்திருந்தால் அவரோடு சண்டை போட்டிருக்கலாம்.

என்னோடு வேலை பார்க்கும் ஆசிரியையின் சொந்தக்காரர் ஒருவர் மூலமாக டெல்லியில் ஒரு தமிழ் அதிகாரியின் நம்பர் கிடைத்தது. அவர் பொறுமையாகக் கேட்டார். "ஒளிக்காம சொல்லிடுறேன் மேடம். அவங்களை நாம அங்கீகரிக்கலை. நேரடியா பேசினா அங்கீகரிச்ச மாதிரி ஆயிடும். மூணாவது நாடு ஒண்ணு மூலமா முயற்சி நடக்குது. அதுக்கு மேல போன்ல சொல்ல முடியாது."

"அவங்ககிட்ட என் தம்பி இருக்கான் சார். நீங்க அங்கீகரிச்சாலும் அங்கீகரிக்காட்டியும் இருக்கான்."

"புரியுது மேடம்" என்றார் அவர். உண்மையிலேயே அவருக்குப் புரிந்திருந்தது என்று குரலில் தெரிந்தது. புரிந்து என்ன செய்ய?

அங்கீகாரம் என்ற சொல்லை எத்தனையோ வருடம் கரும்பலகையில் எழுதி அடிக்கோடு போட்டிருக்கிறேன். அந்த வாரமும் வகுப்புக்குப் போனேன். நடத்தவேண்டியது அதே பாடம். உலக அரசியல் என்று ஒன்று ஆதியிலிருந்தே இருக்கவில்லை, அது ஒரு காலத்தில் உருவானது என்று தொடங்கும் பகுதி. எனக்கு மிகவும் பிடித்த பகுதி அது. எங்கள் மண்ணை வைத்தே அதை நடத்துவேன். இந்தக் கரிசல் காட்டில் பாளையக்காரர்கள் இருந்தார்கள். மதுரை நாயக்கருக்கும் பிறகு நவாபுக்கும் கப்பம் கட்டினாலும், படை வைத்திருந்தார்கள், தூது அனுப்பினார்கள், சமாதானம் பேசினார்கள். வியாபாரம் செய்ய வந்த கும்பினி அவர்களுக்குக் கடிதம் எழுதியது, பேச்சுக்குக் கூப்பிட்டது. ஒரு வருடம், "மிஸ், கும்பினின்னா கடைதான? ராஜா போயி ஏன் கடைக்காரன்கூடப் பேசுனாரு?" என்று ஒரு மாணவி கேட்டு வகுப்பே சிரித்தது. அதுதான் கேள்வி என்றேன். அப்போதெல்லாம் யார் யாரோடு பேசலாம் என்று யாரும் வரையறுத்து வைக்கவில்லை. ராஜா பேசலாம், மதத் தலைவர் பேசலாம், கடைக்காரன் பேசலாம், எங்கள் ஓட்டப்பிடாரம் பக்கத்துப் பாளையக்காரரும் பேசலாம். கையில் பலம் இருந்தால் போதும்.

பிறகு அது மாறியது. இங்கே பாளையக்காரர் போர் முடிந்ததும் கும்பினிக்காரர்கள் கோட்டைகளை இடித்து, பாளையங்களை ஜமீன் ஆக்கினார்கள். அதுவரை எதிர்த்தரப்பாக இருந்தவர் கலகக்காரர் ஆனார், மிஞ்சியவர் வரி வசூலிக்கிறவர் ஆனார். ஏறக்குறைய அதே தலைமுறையில் ஐரோப்பாவில் ராஜாக்களின் தூதர்கள் கூடி உட்கார்ந்து, யார் வல்லரசு, யார் இல்லை என்று தங்களுக்குள் பிரித்துக்கொண்டார்கள். அதற்குப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாக, உலக விவகாரம் என்பது தனக்கென்று ஆட்களும் சொற்களும் உள்ள ஒரு தனி ஏற்பாடாக ஆகிவிட்டது. அரசு மட்டும்தான் அதற்குள் பேசலாம். எது அரசு என்பதை ஏற்கெனவே உள்ளே இருக்கிற அரசுகள் சொல்லும். வெளியே நிற்பவன் எவ்வளவு சத்தமாகக் கத்தினாலும் அது அங்கே பேச்சாகக் கணக்கில் வராது.

இதை நடத்தும்போதெல்லாம் எனக்குள் ஒரு சந்தோஷம் இருக்கும். தெளிவான ஒன்றைச் சொல்லிவிட்ட சந்தோஷம். அன்றைக்குக் கரும்பலகையில் பாதி வாக்கியம் எழுதிவிட்டு நின்றுவிட்டேன். பிள்ளைகளுக்கு விஷயம் தெரியும். முதல் பெஞ்சில் இருந்த பெண் எழுந்து வந்து என் கையிலிருந்த சாக்பீஸை வாங்கி வைத்துவிட்டு, "உக்காருங்க மிஸ்" என்றாள்.

எப்போதாவது தம்பியைப் பேச விட்டார்கள். காவலுக்கு நிற்பவனுக்குப் புரிய வேண்டும் என்பதால் ஆங்கிலத்தில்தான் பேச வேண்டும் என்று உத்தரவு. தம்பிக்குக் கப்பல் ஆங்கிலம் வரும். அவன் மனைவிக்கு அதுவும் வராது. "யூ ஈட்டிங்?" என்பாள். "எஸ், ஈட்டிங்" என்பான். "ஸ்லீப்பிங்?" "எஸ்." அதற்கு மேல் அவளுக்குச் சொல் கிடைக்காது. போனைக் காதில் அழுத்திக்கொண்டு அவன் மூச்சைக் கேட்டுக்கொண்டிருப்பாள். ஒரு தடவை தாங்க முடியாமல், "எப்ப வருவீங்க?" என்று தமிழில் கேட்டுவிட்டாள். உடனே லைன் அறுந்தது. அடுத்த அழைப்பு வர ரொம்ப நாளானது. அந்த ஒரு கேள்வியால்தான் அவனுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று அவள் தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். யூனிட்டுக்குப் போகவில்லை, சாப்பிடவில்லை. நான் லீவு போட்டுவிட்டு அவளோடு இருந்தேன்.

பிறகு காவலாள் மாறினான். தமிழில் பேசலாம் என்றானது. அப்போதுதான் பிட்டரைப் பற்றித் தம்பி சொன்னான். கப்பலில் குழாய், இரும்பு வேலை எல்லாம் பார்ப்பவருக்குப் பிட்டர் என்று பெயர். அவர் வேறொரு நாட்டுக்காரர், தம்பியைவிட மூத்தவர். ஜெனரேட்டருக்கு டீசல் தீர்ந்து, அறைகள் அடுப்பு மாதிரி ஆனபோது, அவர் மேல்தளத்தில் தார்ப்பாயைக் கட்டி எல்லோரும் படுக்க இடம் செய்து கொடுத்தாராம். எல்லோருக்கும் அவர்தான் முடி வெட்டிவிட்டாராம். "அவரு இல்லேன்னா எனக்குப் பைத்தியம் புடிச்சிருக்கும்க்கா" என்றான்.

விடுதலை வந்தது எங்களால் இல்லை. எங்களைத் தெரியாதவர்களால். எதிரி நாட்டின் தலைநகரமும் பிடித்தவர்களுடைய தலைநகரமும், மூன்றாவது ஒன்றின் வழியாக, ஒரு துறைமுகத்தைத் திறப்பது பற்றியும் கைதிகளை மாற்றிக்கொள்வது பற்றியும் பேசி முடித்திருந்தன. அதன் கடைசியில், நல்லெண்ணத்தின் அடையாளமாகக் கப்பல் ஊழியர்களும் விடுவிக்கப்படுவார்கள் என்று ஒரு வரி. கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டில் டீக்கடை டிவியில் அது கீழே ஓடியது. நான் கடைக்காரரிடம், "அண்ணாச்சி, அந்தச் சத்தத்தக் கொஞ்சம் கூட்டுங்க" என்றேன். அதற்குள் அடுத்த செய்தி வந்துவிட்டது.

தம்பி வந்தான். ஊர் முனையில் அவன் படத்தோடு பிளக்ஸ் போர்டு வைத்திருந்தார்கள். எல்லாக் கட்சிக்காரர்களும் வந்து சால்வை போட்டார்கள், மீட்டது தாங்கள்தான் என்று ஒவ்வொருவரும் சொன்னார்கள். அய்யா கிடா வெட்டினார். தம்பி எல்லோருக்கும் கும்பிடு போட்டான், படம் எடுக்க நின்றான். இலையில் உட்கார்ந்தவன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான்.

"என்னலே, ஒரு வாய்கூட வைக்காம இருக்க? சாப்பிடு" என்றார் அய்யா.

"பிட்டர் அங்கனயே இருக்காரு அய்யா" என்றான்.

அன்றைக்கு அவன் சொன்னது இது. விடும் நாளில் எல்லோரையும் மேல்தளத்தில் நிறுத்தினார்கள். நாடு நாடாகப் பெயர் வாசித்தார்கள். ஒவ்வொரு நாட்டுக்காரரையும் அந்தந்த நாட்டுக்காகப் பேசியவர்கள் ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டுப் படகில் ஏற்றினார்கள். பிட்டரும் பையைக் கட்டிக்கொண்டு வரிசையில் நின்றார். அவர் நாடு வாசிக்கப்படவில்லை. அந்த நாட்டில் ஆட்சி கவிழ்ந்து, தலைநகரத்தில் ஒரு அரசாங்கமும் வெளிநாட்டில் ஒரு அரசாங்கமும் இருந்தன. தலைநகரத்தில் இருப்பவர்களை யாரும் அங்கீகரிக்கவில்லை. வெளியே இருப்பவர்களுக்கு ஆளும் இல்லை, படகும் இல்லை. பிட்டர் போய்க் கேட்டதற்கு, "உனக்காக யாரும் வரல" என்றான் கப்பலைப் பிடித்தவர்களின் தலைவன்.

"நாங்க படகுல ஏறிட்டோம். மேல நின்னு கை காட்டுதாரு. நாளைக்கு உங்க ஆளுங்களும் வந்துருவாங்கன்னு கத்துனேன். சிரிச்சாரு அய்யா."

தம்பி எழுந்து போய் வாந்தி எடுத்தான்.

பிட்டருக்கு ஒரு தங்கை. தம்பியின் நம்பரை அவர் எப்படியோ அவளுக்குக் கொடுத்திருக்கிறார். அவள் கூப்பிட ஆரம்பித்தாள். உடைந்த ஆங்கிலத்தில், உங்களுக்காக யார் பேசினார்கள், அவர்களிடம் என் அண்ணனுக்காகவும் பேசச் சொல்லுங்கள் என்று கெஞ்சினாள். தம்பி போனை என்னிடம் கொடுத்துவிட்டான்.

எனக்குத் தெரிந்த வழி எல்லாவற்றையும் மறுபடி தொடங்கினேன். டெல்லி அதிகாரி, "அவர் நம்ம குடிமகன் இல்லையே மேடம்" என்றார். கம்பெனி அந்தக் கப்பலைக் கணக்கிலிருந்தே நீக்கிவிட்டதாகச் சொன்னது. மாலுமிகள் சங்கம் ஒன்று அக்கறையாகக் கேட்டு, எந்த அரசாங்கம் மூலமாகப் போவது என்று என்னிடமே திருப்பிக் கேட்டது. அவர் நாட்டின் வெளிநாட்டு அரசாங்கத்துக்கு எழுதினேன். அவருடைய பாஸ்போர்ட் ஆட்சி மாறிய பிறகு புதுப்பிக்கப்பட்டது, ஆகவே அது எதிராளிகள் கொடுத்தது, தங்களால் அவரை உறுதிப்படுத்த முடியாது என்று பதில் வந்தது. தலைநகரத்தில் இருப்பவர்களிடமிருந்து பதிலே இல்லை. பிடித்து வைத்திருப்பவர்களை உலகம் அங்கீகரிக்கவில்லை, பிடிபட்டவரின் அரசாங்கத்தையும் உலகம் அங்கீகரிக்கவில்லை. நடுவில் ஒரு மனிதர் துருப்பிடித்த இரும்பின் மேல் உட்கார்ந்திருக்கிறார். என் பாடப்புத்தகத்தில் அவருக்கு இடமே கிடையாது.

தம்பியிடம் இதை விளக்கப் பார்த்தேன். அவன் பாதியில் நிறுத்தினான்.

"போதும்க்கா. பேசுறதுக்கு ஒரு கவர்ன்மெண்ட் இருந்தா மனுசன், இல்லேன்னா சரக்கா? எனக்கு மட்டும் என்ன, அதிர்ஷ்டம். நான் பெறந்த எடம் அப்படி. அவ்வளவுதான?"

"அவ்வளவுதான்" என்றேன்.

அவன் இப்போது கப்பலுக்குப் போவதில்லை. அய்யாவோடு பிஞ்சைக்குப் போகிறான். இந்த வருடம் புரட்டாசி முழுக்க மழை இல்லாமல், உளுந்து முளைத்த இடத்திலேயே காய்ந்தது. அவனும் அந்தப் பயிரைப் போலத்தான் நிற்கிறான் என்று அய்யா சொல்லிவிட்டு, சொல்லியிருக்க வேண்டாம் என்பதுபோல் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போயிருந்தேன். தம்பி காட்டில் இருந்தான், போன் வீட்டில் அடித்தது. பிட்டரின் தங்கை. நான் எடுப்பதற்குள் தம்பி மனைவி எடுத்துவிட்டாள். அந்தப் பெண் தன் பாஷையிலேயே ஏதோ வேகமாகச் சொல்லி அழுதாள். ஆங்கிலத்தை விட்டுவிட்டிருந்தாள். இவளும் தமிழிலேயே சொன்னாள், "எனக்கு ஒண்ணும் வெளங்கல தாயி. அவிய காட்டுக்குப் போயிருக்காவ. நீ அழு. நான் வைக்க மாட்டேன், நீ அழு."

ரொம்ப நேரம் இரண்டு பேரும் அப்படியே பேசிக்கொண்டிருந்தார்கள். முடிந்த பிறகு இவள் போனை என்னிடம் நீட்டி, அவள் கடைசியாக ஒரு வார்த்தையைத் திரும்பத் திரும்பச் சொன்னாள், அது என்னவென்று பார்க்க முடியுமா என்று கேட்டாள். இவளுக்குக் கேட்டபடி உச்சரித்துக் காட்டினாள். நானும் தேடிப் பார்த்தேன், மொழி தெரிந்த ஒருவரிடம் கேட்டும் பார்த்தேன். இவள் உச்சரித்ததை வைத்து யாராலும் கண்டுபிடிக்க முடியவில்லை. அதற்குப் பிறகு அங்கிருந்து அழைப்பு வரவில்லை. நாங்கள் கூப்பிட்டால் அந்த நம்பர் உபயோகத்தில் இல்லை என்று வருகிறது. பிட்டர் இன்னும் அந்தக் கப்பலில்தான் இருக்கிறார் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். அப்படி இல்லை என்று சொல்வதற்கும் யாரும் வரவில்லை.